‘பூட்டு வா’ என்று சொல்லி வளர்த்த தூசிக்கு

தூசிக்கு,

என் போனில் உன்னுடைய படங்கள் நாற்பத்தொன்று இருக்கின்றன. அத்தனையும் ஒரே காலையில், நீ ஓடிய ஒரே ஓட்டத்தில் எடுத்தவை. எடுத்தது நான்தான். ஆனால் முதல் பத்துப் பன்னிரண்டு படங்களுக்குப் பிறகு எதையும் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஏழு வாரம் ஆகிவிட்டது. இப்போதும் அவற்றைத் திறந்தால் இது என் விரல்தானா என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நாளைக் காலை நீ இந்த வீட்டிலிருந்து கிளம்புகிறாய். உன்னை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்கள் எதிரே நின்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் வரும். அதனால் உனக்கே எழுதுகிறேன். அந்த வீட்டு அக்கா இதைப் படிப்பார், செல்வம் அண்ணன் படிப்பார், நாய் வளர்க்கிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நீ நாய். எனக்குப் பதினெட்டு வயது. உன்னை மகன் என்று எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். இப்போதே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். செல்வம் அண்ணன் ஒரு காலத்தில் அப்பாவோடு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். பிறகு மானாம்பதியில் நன்றாக ஓடக்கூடிய ஒல்லி நாய்களை வளர்த்து விற்க ஆரம்பித்தார். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய பெண் நாய் ஆறு குட்டி போட்டு, கடைசிக் குட்டியை மட்டும் கிட்டேயே சேர்க்கவில்லை. அந்தக் குட்டி நீ. உன்னை அட்டைப்பெட்டியில் போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்து, “நாலு நாள் தாங்குனா பெருசு பாப்பா, வெச்சுப் பாரு” என்றார். நான் இங்க் ஃபில்லரில் பால் ஊட்டினேன். நீ குடித்ததில் பாதி மூக்கு வழியாக வெளியே வந்தது. ஈரத்துணியால் வயிற்றைத் தடவிவிட்டால்தான் நீ மூத்திரம் போவாய். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தெருநாய் தன் குட்டியை நக்குவதைப் பார்த்து நானாகச் செய்தேன். நாலு நாள் தாண்டி, நாற்பது நாளும் தாண்டியது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாடி, பெத்தவ மாதிரி மடியில வெச்சிக்கினு கீற. அப்ப நான் இன்னா, அதுக்கு ஆயாவா?” என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். அடுத்த வாரமே மீன் குழம்பு வைத்தபோது, பேராண்டிக்குத் தலை எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவளே சொன்னாள்.

நீ வந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றேன். அம்மா எழுந்து நடமாடிய பிறகும் நான் திரும்பப் போகவில்லை. படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் எழும்பாது. முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது, பின்னாலிருந்து சிரிப்பு வரும். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. நாள் முழுக்க நான் பேசிய ஒரே ஆள் நீதான். உன்னிடம் மட்டும் சத்தமாகப் பேசினேன், திட்டினேன், பாடக்கூடச் செய்தேன். பிறந்து கண் திறப்பதற்கு முன்பே உன் காதில் விழுந்துகொண்டிருந்தது என் குரல். இதை நான் அன்றைக்கு யோசித்துப் பார்க்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

உன் பெயர் ஒரு படத்திலிருந்து வந்தது. நீ எப்படி வளர்கிறாய் என்று பார்க்க செல்வம் அண்ணன் தன் பழைய போனை என்னிடம் கொடுத்து, ஓடும்போது எடுத்து அனுப்பு என்றார். ஏரி காய்ந்து கிடந்த மாதம். நீ ஓடினாய், நான் எடுத்தேன். மாலையில் அப்பாவிடம் காட்டினேன். அவர் போனைக் கிட்டத்தில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்துவிட்டு, “நாய் எங்க கீது? வெறும் தூசிதான் கீது” என்றார். அதுவே பெயராகிவிட்டது. தூசி என்று எங்கள் பக்கம் ஒரு ஊரும் உண்டு. தெருவில் நான் உன்னைக் கூப்பிட்டால், தூசி மாமண்டூர் போகிற பஸ் வந்துவிட்டதா, டிக்கெட் எவ்வளவு என்று கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். நீ அவர்களையும் வாலாட்டிப் பார்ப்பாய்.

இரண்டு மாதம் எனக்குத் தூசியும் வாலும்தான் கிடைத்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ஓடுகிற நாயைப் போனால் துரத்தக் கூடாது. அது வரப்போகிற இடத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஏரிக்குள் ஒரு செங்கல்லைப் போட்டு, அதன் மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் வைத்துவிட்டு, நீ அதற்கு நான்கு தப்படி முன்னால் இருக்கும்போதே பட்டனை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொள்வேன். விடாமல் பிடித்தால் படபடவென்று வரிசையாக எடுத்துத் தள்ளும். நின்றுகொண்டு எடுத்தால் நீ எலி மாதிரி தெரிவாய். குப்புறப் படுத்து, போனை மண்ணை ஒட்டிப் பிடித்தால்தான் உன் கால்கள் எவ்வளவு நீளம் என்று தெரியும். குறுக்கே ஓடினால் கையை மட்டும் ஆட்டாமல் இடுப்போடு திரும்ப வேண்டும். அப்போது பின்னால் இருக்கிற முள்செடியெல்லாம் கோடு கோடாகக் கரைந்து, நீ மட்டும் தெளிவாக நிற்பாய். காலை வெயில் உன் பின்னாலிருந்து வந்தால் காது இரண்டும் சிவப்பாக, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிய எரியும். ஓடும்போது நீ ஒரே பாய்ச்சலில் இரண்டு முறை தரையில் இல்லாமல் இருக்கிறாய். நாலு காலும் வயிற்றுக்கடியில் கூடும்போது ஒரு முறை, முன்னும் பின்னும் நீண்டு விரியும்போது ஒரு முறை. கண்ணால் பார்த்தால் தெரியாது. அதை முதன்முதலாகப் படத்தில் கண்ட அன்று நான் சோறு சாப்பிடவில்லை. இப்படி ஒன்று என் கண் முன்னால் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறதே என்று பிரமை பிடித்தாற்போல இருந்தது.

மற்றவர்கள் நாயைப் படம் எடுக்க இரண்டு ஆள் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் தூரத்தில் பிடித்து விடுவார், இன்னொருவர் எடுப்பார். எனக்கு ஆள் இல்லை. அதனால் உன்னையே அனுப்பி உன்னையே வரவழைத்தேன். போய்விட்டு வா என்பதை எங்கள் பக்கம் பூட்டு வா என்போம். நான் கையை நீட்டி “பூட்டு வா” என்றால், நீ மதகு வரைக்கும் ஓடி, மதகைச் சுற்றி, அங்கிருந்து என்னை நோக்கி முழு வேகத்தில் வருவாய். அந்த வருகையைத்தான் படம் எடுப்பேன். வெறுமனே போ என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அதைச் சொல்ல மாட்டோம். அம்மாவுக்குப் பிடிக்காது. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் கிளம்பினாலும் பூட்டு வாங்க என்றுதான் அனுப்புவாள். உங்கம்மா கொசுவைக்கூடப் பூட்டு வா என்றுதான் விரட்டுவாள், அதனால்தான் நம் வீட்டில் கொசு குறையவே இல்லை என்று அப்பா சொல்வார். அப்படி வளர்ந்தவள் உன்னையும் அப்படியே வளர்த்தேன். போவது என்பது திரும்பி என்னிடம் வருவதன் பாதி என்றே உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

உன் படங்கள் செல்வம் அண்ணனின் குரூப்பில் போய், எங்கிருந்தெல்லாமோ கேட்க ஆரம்பித்தார்கள். எடுத்தது யார், என்ன கேமரா என்று. நேரில் என்னை யாரும் பார்க்கவில்லை, என் குரலை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் என்னைப் பற்றிப் பேசினார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன். உனக்கு ஓடப் பிடிக்கும் என்பதற்காகத்தான் தினமும் கூட்டிப்போனேன் என்று சொல்லிக்கொள்வேன். பாதி நாள் உன் உள்ளங்கால் சூடுபட்டு நீ நக்கிக்கொண்டிருக்கும்போதும், இன்னும் ஒரே ஒரு தடவை என்று அனுப்பியிருக்கிறேன். நீயும் போனாய்.

மழை பெய்து ஏரி நிறைந்தது. ஓட இடம் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாட் போட்டு விற்கிற நிலம் ஒன்று இருக்கிறது. சமமான மண், வரிசையாக மஞ்சள் கல், நடுவில் ஒரு வீடும் கிடையாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரை. நடுவில் அந்த ரோட்டில் குவாரியிலிருந்து டிப்பர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நாம் பிளாட்டுக்குள்ளேயே, ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் செல்வம் அண்ணன் நீ குறுக்குவாட்டில் ஓடுகிற மாதிரி ஒரு நல்ல படம் வேண்டும் என்றார். “கரை மேல நின்னு எடு பாப்பா. காலைல வெயில் நேரா அவன் மேல வுயும்” என்றார். அவர் சொன்னது சரி. வெயில் அப்படித்தான் விழும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. நான் முதல் நாளே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். அவர் சொல்லாவிட்டாலும் நானே கேட்டிருப்பேன்.

ஏற்பாடு இதுதான். பிளாட்டின் ஒரு முனையில் செல்வம் அண்ணன் உன்னைப் பிடித்துக்கொள்வார். மறுமுனையில் அம்மா மத்தி மீன் சோற்றுக் கிண்ணத்தோடு நிற்பாள். நீ அவரிடமிருந்து அம்மாவிடம் ஓடுவாய். நான் ரோட்டைத் தாண்டி, கரை மேல் படுத்துக்கொண்டு எடுப்பேன். ஓடுவது ரோட்டுக்கு இணையாகத்தானே, ரோட்டுப் பக்கம் உனக்கு என்ன வேலை என்று நினைத்தோம். இப்போது இதைப் படிக்கிற யாருக்கும் அது எப்படிப்பட்ட ஏற்பாடு என்று புரியும். எங்கள் மூன்று பேருக்கும் புரியவில்லை. மூன்று வருடத்தில் நீ சோற்றிடம் ஓடி நான் பார்த்ததில்லை. என்னிடம்தான் ஓடியிருக்கிறாய்.

அவர் உன்னை விட்டார். நீ ஓடினாய். நான் இடுப்போடு திரும்பிக்கொண்டே எடுத்தேன். வெயில் உன் விலாவில் பட்டு ஒவ்வொரு எலும்பும் தெரிந்தது. பாதி தூரம் வந்தபோது உன் தலை என் பக்கம் திரும்பியது. கண்டுகொண்டாய். வலது பக்கமிருந்து லாரி சத்தம் கேட்டது. நான் எழுந்துவிட்டேன். “பூடு, பூடு” என்று கத்தினேன். என் ஆயுளில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. அந்தப் பக்கமே போய்விடு என்பதற்கு என் வாயில் வந்தது அந்தச் சொல்தான். நீ அதுவரைக்கும் அரைமனதோடுதான் திரும்பியிருந்தாய். என் குரல் கேட்டதும் நேராக வந்தாய். மதகைச் சுற்றிவிட்டு வருவாயே, அதே வேகம்.

அப்புறம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பிரேக் சத்தம். அம்மா கிண்ணத்தைப் போட்டது. லாரியின் முன்பக்கம் உன்னைத் தாண்டிவிட்டது, பின்சக்கரம்தான் உன் இடுப்பைத் தட்டி எறிந்தது. நீ கத்தவில்லை. எழுந்து, மூன்று காலில் என்னிடம் வந்து சேர்ந்து, என் காலடியில் உட்கார்ந்து, வழக்கமாக ஓடி முடித்ததும் பார்ப்பாயே, அந்த மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகுதான் சாய்ந்தாய். டிப்பர் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்து, “நாய புடிச்சு வெக்க மாட்டீங்களாமா? என் வூட்லயும் ரெண்டு கீதுமா. இன்னைக்கு நான் எப்டிமா சோறு துன்றது?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தன் துண்டை விரித்து உன்னை அதில் தூக்கினார். லாரியிலேயே மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கேபினில் நீ என் மடியில், அம்மா பக்கத்தில். டாக்டரம்மா எப்படி நடந்தது என்று கேட்டபோது எல்லாவற்றையும் அம்மாதான் சொன்னாள். ஆனால் நான் கூப்பிட்டதால்தான் வந்தான் என்று அம்மா சொல்லவில்லை. அது தெரிந்தும் சொல்லாமல் விட்டாள்.

போன் என் இடுப்பில் செருகியபடி இருந்திருக்கிறது. எப்போது செருகினேன் என்று தெரியாது. மூன்றாம் நாள், உனக்குக் கட்டுப்போட்டு நீ தூங்கிக்கொண்டிருந்தபோது, அதை எடுத்துத் திறந்தேன். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முதல் பன்னிரண்டில் நீ குறுக்கே ஓடுகிறாய். பதின்மூன்றில் தலை திரும்புகிறது. பதினேழில் உன் மார்பு என் பக்கம் வந்துவிட்டது. முப்பத்துநாலில் லாரியின் மஞ்சள் ஓரம் உள்ளே நுழைகிறது. கடைசி மூன்றில் நீ இல்லை. தார் ரோடு, என் செருப்புக் கால், வானம். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. போன் தானாக எடுத்துவிட்டதோ என்று நினைத்தேன். தானாக எடுக்காது என்று எனக்கே தெரியும். பட்டனை விடாமல் பிடித்தால்தான் எடுக்கும். நான் எழுந்தபோதும், கத்தியபோதும், உன்னை நோக்கி ஓடியபோதும் என் விரல் அதை விடவில்லை. வாய் உன்னைக் காப்பாற்றப் பார்த்த அதே நேரத்தில் விரல் உன்னை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வருடம் அதற்குப் பழக்கியது நான்தானே. போனைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை, இரண்டு முறை கழுவினேன்.

இருபத்தாறாவது படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு காலும் தரையில் இல்லை. காது இரண்டும் பின்னால் படிந்து, வாய் திறந்து, நாக்கு ஒரு பக்கம் பறக்கிறது. கண் நேராக என்னைப் பார்க்கிறது. அவ்வளவு தெளிவாக ஒரு கண்ணை நான் எடுத்ததே இல்லை. முகத்தில் பயம் துளியும் கிடையாது. சொன்னதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற முகம் அது. செல்வம் அண்ணன் உன்னைப் பார்க்க வந்தபோது அவரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். “இத்தினி வருசத்துல இப்டி ஒரு படம் நான் பாத்தது இல்ல பாப்பா” என்றார். பிறகு போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவர் அப்படிச் சொன்ன அந்த ஒரு விநாடி எனக்குள் சந்தோஷம் வந்தது. நீ கட்டோடு பக்கத்தில் படுத்திருக்கிறாய், எனக்குச் சந்தோஷம் வருகிறது. லாரியை விட, சக்கரத்தை விட, அதுதான் என்னை ஆட்டிவிட்டது. அந்தப் படங்களை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. அழித்துவிட்டால் கொஞ்ச நாளில் அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும். ஓடுகிற நாயைப் படம் எடுக்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கு முன், நாய் யாரிடம் வந்து நிற்கும் என்று பாருங்கள்.

பின்னங்கால் கூடிவிட்டது, ஆனால் கட்டை விரல் அளவு குட்டையாகிவிட்டது. நடக்கிறாய், ஓடவும் செய்கிறாய், சட்டென்று ஒதுங்கத்தான் முடியவில்லை. இனி ரோட்டுக்குப் போனால் தப்பிக்க மாட்டான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எங்கள் வாசலிலேயே அந்த ரோடு. எனவே உனக்குப் போ என்கிற சொல்லைக் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சொல் தெரியாததால்தான், பூடு என்றது உன் காதில் பூட்டு வா என்று விழுந்ததால்தான் வந்தாய் என்று நம்பினேன். அம்மாவிடம் கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். முற்றத்தில் உன் எதிரே நின்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாக, “போ” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நாக்கு கூசுதுடி” என்றாள். பத்து நாளில் நீ கற்றுக்கொண்டாய். அம்மா சொன்னால் பின்கட்டுக்குப் போய் நின்றாய். அப்பா சொன்னால் போனாய். செல்வம் அண்ணன் சொன்னால் நொண்டிக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல்கூடப் போனாய். நான் தைரியமாக உன் எதிரே வந்து நின்று சொன்னேன். நீ வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தாய்.

மறுபடி சொன்னேன். வந்தாய். கோபமாகச் சொன்னேன், கையை ஓங்கிச் சொன்னேன், திரும்பி நின்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். வந்து என் முழங்காலுக்குப் பின்னால் மூக்கை வைத்தாய். ஒரு வாரம் முழுக்க முயன்றேன். போ என்றேன், பூடு என்றேன், வேறு என்னென்னவோ சொன்னேன். எந்தச் சொல்லாக இருந்தாலும் என் வாயிலிருந்து வந்தால் உனக்கு அது வா என்பதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை நான் பூடு என்று கத்தாமல் வேறு எதைக் கத்தியிருந்தாலும் நீ வந்திருப்பாய். நான் சும்மா இருந்திருந்தால் நீ ஒருவேளை அம்மாவிடமே போயிருப்பாய். சொல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

நம்ப முடியாமல்தான் இருந்தேன். பாய் வைத்திருக்கிற மளிகைக்கடையில் அது முடிவாகிவிட்டது. கடை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். உன்னைப் பின்கட்டில் முளையடித்துக் கட்டிவிட்டு, மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். பாய்க்கு நான் கேட்டது காதில் விழவில்லை. என்ன, என்ன என்று கேட்டு, கல்லாவிலிருந்து எழுந்து காதை என் பக்கம் கொண்டுவந்தார். நான் இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பஸ் பிரேக் அடித்தது. நீ ரோட்டைத் தாண்டி, முளைக்குச்சி கயிற்றில் இழுபட, என் காலில் வந்து மோதினாய். பஸ் கண்டக்டர் இறங்கித் திட்டினார். பாய் அசந்துபோய் உன்னையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இன்னாமா இது. நீ பேசறது எதுருல நிக்கற எனக்கே கேக்கல. அதுக்கு எப்டிமா கேட்டுச்சு?” என்றார். நான் மிளகாய்த்தூள் வாங்காமலே வந்துவிட்டேன்.

சங்கிலியில் கட்டிப் பார்த்தோம். நான் வீட்டுக்குள் தும்மினால்கூட நீ கழுத்து அறுபடுகிற மாதிரி இழுத்தாய். ஆறின காலில் மறுபடி வீக்கம் வந்தது. நான் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டேன். அம்மாவிடம் கையாலேயே சொன்னேன். நான்கு நாள் பார்த்துவிட்டு அம்மா அப்பாவிடம் சொல்லி அழுதாளாம். ஏற்கெனவே பேசாத பெண், இப்போது ஊமையாகவே ஆகிவிடுவாள் என்று. அன்று சாயங்காலம் செல்வம் அண்ணன் வந்தார். மானாம்பதியைத் தாண்டி அவருடைய மச்சானுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருக்கிறது. மயில் தொல்லை. சுற்றிலும் கம்பி வேலி, ரோடு வெகு தூரம். நொண்டி நாயாக இருந்தாலும் குரைத்தால் போதும் என்கிறார்கள். அவர் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்துப் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார். நான் வந்து அவ்வப்போது பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். முதலில் அவன் அங்கே ஊன்றட்டும், ஆறு மாதம் போகட்டும் என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டியது நான்தான் என்பதை இந்த முறை நினைவில் வைத்திருக்கிறேன்.

அந்த வீட்டு அக்காவுக்கு: அவனுக்குச் சோறு ஆறித்தான் இருக்க வேண்டும். வலது பின்னங்காலைத் தூக்கிப் பார்க்காதீர்கள், தானாகக் காட்டுவான். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் இடம் விடுங்கள். போ என்றால் போவான், வா என்றால் வருவான், இரண்டும் தெரியும். உங்களிடம் தெரியும். ஓடும்போது படம் எடுக்க ஆசையாக இருந்தால் எடுங்கள். வேலிக்குள் நின்று எடுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். கொஞ்ச நாள் போனபிறகு, அவன் படுத்துத் தூங்குகிற மாதிரி ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள்.

தூசி, உனக்கு. அங்கே உன்னை யார் கூப்பிட்டாலும் போ. என் குரல் மாதிரி ஏதாவது ஒன்று உன் காதில் விழுந்தால், மயிலாகத்தான் இருக்கும். நின்று யோசி. நான் உனக்குக் கற்றுக்கொடுக்காத ஒன்று அதுதான், நின்று யோசிப்பது. எனக்கே தெரியாததை எப்படிக் கற்றுக்கொடுப்பேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டி வரும். அம்மா உன்னை ஏற்றுவாள், அப்பா உன்னோடு பின்னால் உட்கார்ந்து வருவார். நான் வாசலுக்கு வரமாட்டேன். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு இருப்பேன். ஒரு சொல் வந்தாலும் நீ குதித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். வண்டி கிளம்பும்போது நீ காதைத் தூக்கி வீட்டுப் பக்கம் பார்ப்பாய். இருமல்கூடக் கேட்காது. கேட்காவிட்டால் அப்படியே உட்கார்ந்துகொள்.